செல்லுக்குள் பச்சைப் பொட்டு

அன்பு இளங்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. சாப்பிட்டிருப்பாய், தூங்கியிருப்பாய். நான் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். நானும் சூடாகி வேறு எதையாவது பேசிவிடுவேன். அதனால் கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாவு கிரைண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத எழுத அப்பா ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்துவிட்டு, "இது வேணுமா? இப்படியா எழுதுவாங்க?" என்கிறார். வேண்டும். உன் பெண்டாட்டி கயலும் இதைப் படிப்பாள். நம் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் இதை ஒட்டி வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. குசுகுசுவென்று பேசிப் பேசித்தான் விஷயத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோம்.

நீ போன வாரம் போன் செய்தாய் அல்லவா? அன்று நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "அம்மா, நீ சொன்னா அவ கேப்பா. அந்த லேபை விட்டுட்டு ஓசூருக்கு வரச் சொல்லு. பொழுதன்னைக்கும் பிளாஸ்டிக் தூளையே கையில வச்சிட்டிருந்தா வயித்துல எப்படிம்மா தங்கும்? அத்தை சொல்றதுல தப்பே இல்ல." உன் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கும்பகோணத்தில் இருந்துகொண்டு உனக்குப் போனிலேயே வைத்தியம் பார்க்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே அவள் வாயை நான் பார்த்துவிட்டேன். சுவாமிமலையில் நம் சொந்தத்தில் வளைகாப்பு நடந்ததே, நீ வரவில்லை. சந்தனம் பூசி வளையல் போட ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கயலும் எழுந்தாள். உன் அத்தை வளையல் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ இரு கயலு, அப்புறம் போடலாம்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. பிறகு என் காதில் சொல்வதுபோல மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "சாவியாப் போயிடும்போல இருக்கே" என்றாள். கயல் எலுமிச்சைச் சாதம் பரிமாறப் போய்விட்டாள். விசேஷ வீடு என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சரி, நீ சொன்னபடியே கயலிடம் பேசலாம் என்றுதான் நான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், உன் பக்கம்தான் இருந்தேன். எனக்கும் பேரனோ பேத்தியோ வேண்டும் என்ற ஆசை தொண்டை வரைக்கும் இருக்கிறது. கேரியரில் புளிக்குழம்பும் வாழைப்பூப் பொரியலும் எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது நைசாக ஆரம்பித்து, "போதும்மா படிச்சது" என்று முடித்துவிடலாம் என்பது திட்டம். பல்கலைக்கழக வாசலில் அவளே வந்து கூட்டிக்கொண்டு போனாள். லேப் கதவுக்கு முன்னால் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்தை, உள்ள இருக்கறதுலயே பெரிய ஆபத்து உங்க புடவைதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்த புடவை, பளபளவென்று எவ்வளவு நன்றாக இருக்கிறது! பிறகுதான் விளக்கினாள். அது பாலியஸ்டராம். பாலியஸ்டர் என்றால் பிளாஸ்டிக்காம். நான் நடக்க நடக்க, உட்கார எழுந்திருக்க, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் அதிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்குமாம். அது அவளுடைய சோதனையில் விழுந்துவிட்டால், செல்லுக்குள் இருப்பது இவள் போட்ட பிளாஸ்டிக்கா மாமியார் கொண்டுவந்த பிளாஸ்டிக்கா என்று தெரியாமல் போய்விடும். அதனால் வெள்ளைப் பருத்திக் கோட்டு ஒன்றைக் கழுத்துவரை மாட்டிவிட்டாள். டாக்டரம்மா மாதிரி இருந்தேன்டா! அப்பாவுக்குக் காட்ட ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

இனி நான் பார்த்ததைக் கேள். அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டி. முட்டைக்குக் கோழி கொடுக்கிற சூடு என்று வைத்துக்கொள். அதற்குள் உள்ளங்கை அளவுத் தட்டுகள். தட்டில் ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்த நிறத்தில் ஏதோ இருந்தது. "இதுல உசிரு இருக்கு அத்தை" என்றாள். நஞ்சுக்கொடி இருக்கிறதே, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நின்று சாப்பாட்டையும் மூச்சையும் கடத்துகிற கொடி, அதன் செல்களைத் தட்டில் போட்டு, தீனி கொடுத்து வளர்க்கிறார்கள். தினமும் பார்த்து, தீனி மாற்றி, நெருக்கமாகிவிட்டால் வேறு தட்டுக்கு மாற்றுவாளாம். நாற்றங்காலில் நாற்று பறித்து நடுகிற வேலையேதான் என்று சொன்னேன், அவளும் ஆமாம் என்றாள். அந்தத் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரையைப் பார்க்கச் சொன்னாள். கருப்பு இருட்டு. அதில் நீல நீலமாக உருண்டைகள், வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு நீலமும் ஒரு செல்லின் நடுப்பகுதி. அந்த நீலத்தைச் சுற்றி, ஐயோ இளங்கோ, பச்சைப் பச்சையாகப் பொட்டுகள்! மினுக் மினுக்கென்று! கார்த்திகைக்கு நம் தெருவைப் பார்ப்பதுபோல இருந்தது. "அழகா இருக்கே, என்னடி இது?" என்றேன். "அதான் அத்தை பிளாஸ்டிக்" என்றாள்.

அந்தப் பச்சைப் பொட்டுகள் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றுதான் நினைத்தேன். இல்லை, உள்ளே! எப்படி உள்ளே போயிற்று, ஓட்டை போட்டதா என்று கேட்டேன். ஓட்டையெல்லாம் போடவில்லையாம். செல்லே இழுத்துக்கொள்கிறதாம். வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒரு பச்சைப் பொட்டு மிதந்து வந்து செல்லின் ஓரத்தில் உட்காருகிறது. உட்கார்ந்த இடத்தில் அந்த ஓரம் மெல்லக் குழிகிறது. குழி ஆழமாகிறது. விளிம்புகள் இரண்டும் கிட்டே வருகின்றன, சேருகின்றன, மூடிக்கொள்கின்றன. பொட்டு உள்ளே! "முழுங்கிடுச்சு! கயலு, முழுங்கிடுச்சு!" என்று நான் கத்தியதில் அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்ப ஓட்டச் சொன்னேன். மறுபடியும் ஓட்டச் சொன்னேன். நான் இத்தனை வயதுக்குக் கோயில் பார்த்திருக்கிறேன், கடல் பார்த்திருக்கிறேன், நீ பிறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு செல் வாய் திறந்து விழுங்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லையே! நம் உடம்பில் ஒவ்வொரு நிமிடமும் இது நடக்கிறதாம், நல்ல சாப்பாட்டையும் இப்படித்தான் உள்ளே எடுக்கிறதாம். அது பாவம், வந்தது சத்தா பிளாஸ்டிக்கா என்று பார்த்து எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறது.

உள்ளே போனபிறகுதான் சங்கடம். செல்லுக்குள்ளும் வயிறு மாதிரி ஒரு பை உண்டாம். வந்ததை எல்லாம் அதில் போட்டுக் கரைத்துவிடும். பிளாஸ்டிக் கரையுமா? நம் வாய்க்கால் மதகில் வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடக்கிற கவரே கரையவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது நம் ஊர் வாய்க்காலுக்கு வரும்போது நாம் ஓடிப்போய்ப் பார்ப்போமே, தண்ணீருக்கு முன்னால் பாட்டிலும் கவரும் அல்லவா ஊர்வலம் வருகிறது! அதேபோல அந்தப் பைக்குள் கிடந்து அடைக்கிறதாம். செல் அதோடு மல்லுக்கட்டும்போது உள்ளே ஒரு காந்தல் உண்டாகிறது, செல்லுக்குச் சக்தி தருகிற இடங்கள் அதில் புண்பட்டுப்போகின்றன என்றாள். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக்கை வளையவைக்கவும் நிறம் ஏற்றவும் கலந்த ரசாயனங்கள் மெல்லக் கசிகின்றன. அதில் சிலது நம் உடம்பின் ஹார்மோன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போய், தப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறதாம். பிள்ளைப்பேறு விஷயம் முழுக்க ஹார்மோன் சொல்லுகிற செய்தியில்தான் நடக்கிறது. அதனால்தான் இவர்களுக்கு இவ்வளவு அக்கறை. நஞ்சுக்கொடியிலேயே பிளாஸ்டிக் துகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ரத்தத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம், நினைவிருக்கிறதா? இப்போது அதையே யூரியா சாக்கில் போட்டுத்தான் தொங்கவிடுகிறார்கள். உள்ளேயும் பிளாஸ்டிக், வெளியேயும் பிளாஸ்டிக் என்று நான் சொன்னதும் கயல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொன்றையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு பெண் ஆண் எலியின் விரைச் செல்களை வைத்து இதே வேலையைச் செய்கிறாள். விந்து உண்டாகிற இடத்தை உடம்பு வேலி போட்டுக் காக்கிறதாம். அந்த வேலியையும் மிகச் சிறிய துகள்கள் தாண்டுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதிகமாகக் கொடுத்த எலிகளுக்கு உயிரணு குறைந்திருக்கிறது, நீந்துகிற வேகமும் குறைந்திருக்கிறது. மனிதர்களின் விந்திலும் துகள்கள் கிடைத்திருக்கின்றன. "அப்ப ஆம்பளைங்களுக்கும் உண்டா!" என்றேன். "அத்தை, பிளாஸ்டிக்குக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா?" என்றாள். உடனே, "ஆனா எலிக்கு நடந்தது மனுசனுக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது அத்தை. எவ்வளவு போனா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான இங்க உக்காந்திருக்கோம்" என்றாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் நம் சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா சொல்லு!

இடையில் அப்பா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தாளை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. இட்லித் தட்டில் ஈரத் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு அவிப்பது உன் அப்பாவின் கண்டுபிடிப்பு. துணியைத் துவைக்க வேண்டாம், இட்லி ஒட்டாமல் முழுசாக வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்ததும் வராததுமாக நான் அந்தத் தாள்களை எல்லாம் உருவி எறிந்தேன். "என்னடி ஆச்சு உனக்கு? வெறும் ஆவிதானே படுது!" என்றார். "ஆவில என்ன ஆகுதுன்னு கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன், பேசாம துணியை நனைங்க" என்றேன். சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து துகளும் ரசாயனமும் அதிகமாக வெளியே வரும் என்பதுதான் கயல் திரும்பத் திரும்பச் சொன்னது. கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி நூல் சுற்றிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். பாத்திரம் கொண்டுவந்தால்தான் சாம்பார் என்று சொன்னதில் காலையில் கடைவாசலில் ஒரே சண்டை. வட்டாட்சியர் ஆபீஸ் பியூன் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் தூக்குவாளியோடு வந்துவிட்டார். நம் சாம்பாரை விட்டுவிட்டு எங்கே போவார்? நீயும் அந்தக் கம்பெனி கேண்டீனில் பிளாஸ்டிக் கப்பில் கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பதை விட்டுவிடு. எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன்.

மதியம் லேபுக்கு வெளியே வாகை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பேச வந்த பேச்சு வாயிலேயே இருந்தது. அதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அத்தை, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அவர் சொல்லியிருப்பாரு. எங்க கைடு மேடம்கிட்ட மாசக் கடைசியோட நிக்கறேன்னு சொல்லிட்டேன். என்னோட செல்லையெல்லாம் அந்த ஜூனியர் பொண்ணு பாத்துக்கும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற குரல். பிறகு, "இத நம்ம வீட்டுல யாருக்காவது ஒரு தடவை காட்டிடணும்னு ஆசை. அவர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன், வர நேரமே இல்ல. நல்லவேளை நீங்க வந்தீங்க" என்றாள். நான் கத்திக் கத்திப் பார்த்ததெல்லாம் அவள் எனக்குக் கடைசியாகக் காட்டியதா? அவள் செய்துகொண்டிருக்கும் சோதனை பாதியில் நிற்கிறது தெரியுமா உனக்கு? அந்தப் பச்சைப் பொட்டு நஞ்சுக்கொடிச் செல்லைத் தாண்டிப் பிள்ளை பக்கம் போகிறதா, போனால் எவ்வளவு நேரத்தில் போகிறது, பிளாஸ்டிக் வருவது நின்றுவிட்டால் செல் தேறி எழுந்துவிடுகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேறி எழுந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. அதை நிரூபிக்காமல் விட்டுவிட்டு உனக்குச் சோறாக்க ஓசூர் வருகிறாள்.

நான்தான் வாய் சும்மா இருக்காத ஆள் ஆயிற்றே. நேராகவே கேட்டுவிட்டேன். "ஏன் கயலு, டாக்டர்கிட்ட போனீங்களே, என்னதான் சொன்னாங்க?" அவள் கேரியர் அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மூடினாள். "எனக்கு எல்லாம் பாத்தாச்சு அத்தை. ஸ்கேன், ரத்தம், ஹார்மோன், எல்லாமே நார்மல்." "அப்ப அவனுக்கு?" கேரியரின் கொக்கியை இழுத்து மாட்டினாள். "அவனுக்குன்னு கேட்டேன்." "அவர் வரமாட்டேங்கறாரு அத்தை. எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்னு சொல்லிட்டாரு." அப்படியா சொன்னாய், ராஜா? நல்லாத்தான் இருக்கிறாயா? உன்னைப் பெற்ற எனக்கே தெரியாது, உனக்கு மட்டும் வெளியிலிருந்து பார்த்தே தெரிந்துவிட்டதா? "இத்தனை நாளா ஏன்டி எங்கிட்ட சொல்லல? மண்டபத்துல அவ வாய்க்கு வந்தபடி பேசுறா, நீ பேசாம பரிமாறப் போயிட்டியே!" என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "உங்க பிள்ளைய நீங்க குறைவா நெனச்சிடக் கூடாதுல்ல அத்தை." எனக்கு அழுகை வந்துவிட்டது இளங்கோ. வாகை மரத்தடியில், அந்தப் பிள்ளைகள் எல்லாம் போகவர, கழற்ற மறந்த வெள்ளைக் கோட்டின் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அப்பா கிழித்துப்போட்டுவிடுவார்.

அழுது முடித்ததும் உன் அத்தை சொன்ன சாவி என்ற வார்த்தை மறுபடி வந்து உறுத்தியது. உனக்குத் தெரியும், ஓசூரில் சாவி என்றால் பூட்டுக்குத்தான். நமக்கு, மணிக்குள் பால் பிடிக்காமல் வெறும் உமியாக நின்றுபோகிற நெல்லுக்கும் அதுதான் பெயர். நீ ஆறாவது படிக்கும்போது குடமுருட்டி ஆற்றுப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டோமே! என் அம்மா காலம்வரைக்கும் அடுத்தவர் வயலில் நட்டுக்கொடுத்த குடும்பம், முதல்முறையாக நமக்கென்று ஒரு வெள்ளாமை. பயிர் இடுப்பளவு வந்து கதிரும் வெளியே வந்தது. பூக்கிற சமயத்தில் விடாத மழை. அறுப்புக்கு முன்னால் பார்த்தால் கதிர் தலை சாயவே இல்லை. அப்பா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார், எல்லாம் பறந்துவிட்டது. அன்று வரப்பில் கூடிய அத்தனை பேரும் என்ன கேட்டார்கள்? விதை எங்கே வாங்கினது, பூக்கும்போது மழையா காற்றா, பூச்சி அடித்ததா, உரம் எப்போது போட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். நிலம் மலடு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கயலிடம் இதைச் சொன்னேன். அவள் முதலில் தாவரவியல் படித்தவள் அல்லவா, கண் பளிச்சென்று மின்னியது. "அத்தை, நெல்லுப்பூ முற்பகல்ல கொஞ்ச நேரம்தான் தொறந்திருக்கும். அந்த நேரம் பாத்து மழை அடிச்சா மகரந்தம் வீணாப் போயிடும். நெலம், தண்டு, கதிரு, சூலு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! மகரந்தம் என்றால் ஆண் பக்கம் அல்லவா! தலைமுறை தலைமுறையாகச் சாவி சாவி என்று சொல்லிக்கொண்டு, அதைப் பெண்ணுக்கு ஒரு வசவாகவும் ஆக்கி வைத்திருக்கிறோமே! கும்பகோணத்துக்குப் போனைப் போட்டு உன் அத்தையிடம் இந்தப் பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை, பரம சுகமாக இருக்கிறது.

அதோடு நான் நிறுத்தவில்லை. எழுந்து நேராக அவளுடைய மேடம் அறைக்குப் போனேன். கயல், "அத்தை, அத்தை" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். "வணக்கங்க. நான் கயலோட மாமியார். இவ எங்கயும் போகலிங்க. ஆரம்பிச்சத முடிச்சிட்டுத்தான் வருவா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கயலைப் பார்த்தார்கள். "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்கள். நம்மில் யாராவது அவளை அப்படிக் கேட்டோமா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கூட அவளைக் கேட்காமல்தான் வந்து நின்றேன். கயல் நிமிர்ந்து, "இருக்கேன் மேடம்" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவே இல்லை.

இனி உன்னிடம். கோபப்படாமல் கேள், கோபம் வந்தாலும் படித்து முடித்துவிட்டுப் படு. உனக்குக் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அது பிளாஸ்டிக்கால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று கயல் உறுதியாகச் சொன்னாள். வெப்பம், தூக்கம் கெட்ட ஷிப்ட், நரம்பு வீக்கம், கிருமி என்று எத்தனையோ காரணம் உண்டு, பலவற்றுக்கு மருந்தும் உண்டாம். கயல் கையால் பிளாஸ்டிக்கைத் தொடுவதால்தான் என்றாயே, அந்தத் துகளை அவள் கையுறை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் தொடுகிறாள். நாம்தான் ஒன்றும் போடாமல் தினமும் தின்கிறோம். உனக்கு என்ன முடிவு வந்தாலும் நீ என் பிள்ளைதான், இம்மியும் குறைய மாட்டாய். ஆனால் பார்க்கவே மாட்டேன் என்று நீ உட்கார்ந்துகொண்டு, அவளை லேபை விட்டு எழுந்து வரச் சொன்னால், அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்காது. இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். ஓசூருக்கும் தஞ்சாவூருக்கும் ராத்திரி பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அவள் முடிக்கிறவரைக்கும் நீ வந்து போ. வீட்டில் சோறாக்க ஆளில்லை என்றால், பிறந்ததிலிருந்து இட்லிக்கடையில் வளர்ந்தவன் நீ, மாவு கரைக்கத் தெரியாதா?

வருகிற விடுமுறைக்கு நீ வரும்போது கும்பகோணத்தில் டாக்டரைப் பார்க்க உன் பெயரில் சொல்லி வைத்துவிட்டேன். விந்துப் பரிசோதனை என்று முழுசாகச் சொல்லித்தான் போனில் பதிந்தேன், எடுத்த பெண், "அம்மா, நீங்களும் கூட வருவீங்களா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். நீ உள்ளே போ, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அங்கே எப்போதும் பெண்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம், கயலும் அப்படித்தான் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். நம் ஊர்க்காரர் யாராவது என்னைப் பார்த்து, "என்னக்கா, மருமகளுக்கா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். "இல்லப்பா, என் மகனுக்கு. மருமகளுக்கு இன்னைக்கு லேபுல வேலை இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லப்போகிறேன்.

அம்மா